கெர்சோம்: ஒரு பெயரும் அதன் பொருளும்

விவிலியத்தின் இரண்டாம் நூலாகிய யாத்திராகமத்தில், இரண்டாம் அதிகாரத்தின் கடைப்பகுதியில், ஒரு குழந்தைக்குப் பெயரிடுகிறார்கள். குழந்தையின் தந்தை மோசே. தாய், மீதியான் நாட்டு ஆசாரியரின் மகள் சிப்போராள். பெயர் கெர்சோம். பெயரிட்ட தந்தை காரணத்தையும் உடனே கூறிவிடுகிறார்: வேற்று நாட்டில் தாம் அயலானாக வாழ்ந்ததைக் குறிப்பதற்கே இப்பெயர் என்கிறார். அவ்வளவுதான் செய்தி. அதன்பின் அந்தக் கெர்சோம் வாய் திறந்து ஒரு சொல் பேசியதாகக்கூட விவிலியத்தில் எங்கும் இல்லை.

மோசேயை அறியாதார் இலர். அவருடைய தலைமகனை அறிந்தார் மிகச் சிலர். ஆயினும், பிறந்த மாநிலத்தை விட்டு வேறு மாநிலங்களில் குடும்பம் நடத்தும் நம்மைப் போன்றவர்கள் சற்றே நின்று கவனிக்கத் தக்க பெயர் இது.

எபிரேய மொழியில் இப்பெயரை 'கேர்', 'ஷாம்' என்று இரண்டாகப் பிரித்துக் காட்டுவர். 'ஷாம்' என்றால் 'அங்கே'. 'கேர்' என்னும் சொல்லுக்குத்தான் விளக்கம் வேண்டும். வாணிகத்தின் பொருட்டோ வேறு காரணத்தாலோ வந்து திரும்பிப் போகும் அந்நியனை எபிரேயர் 'நொக்ரி' என்றனர். 'கேர்' என்பவன் அத்தகையவன் அல்லன். அவன் வந்து தங்கிவிட்டவன். பிறந்த மண் அதுவன்று. பரம்பரை நிலமும் சுற்றத்தின் துணையும் அங்கே இல்லை. ஆனால் வாழ்வு அங்கேதான். ஆகவே 'கெர்சோம்' என்றால் 'அங்கே குடியிருந்த அயலான்' என்றாகும்.

மொழிநூல் அறிஞர்கள் வேறொரு வேரையும் காட்டுவதுண்டு. 'துரத்துதல்' என்று பொருள்படும் 'கரஷ்' என்னும் வினையிலிருந்து இப்பெயர் தோன்றியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அதே அதிகாரத்தில், சில வரிகளுக்கு முன்னே, கிணற்றடியில் தண்ணீர் முகக்க வந்த ஏழு பெண்களை மேய்ப்பர்கள் துரத்தியபோது இந்த வினையே ஆளப்பட்டுள்ளது. அவ்வேளையில் அங்கிருந்து அப்பெண்களுக்குத் துணை நின்றவரோ, பார்வோனின் வாளுக்குத் தப்பி ஓடிவந்த மோசே. இரண்டு வேர்களில் எது உண்மையானது என்று வழக்காட வேண்டியதில்லை. பெயர் இரண்டையும் தாங்குகிறது.

அன்று வீடு திரும்பிய பெண்கள் தந்தையிடம் என்ன சொன்னார்கள் தெரியுமா? எகிப்தியன் ஒருவன் எங்களைக் காப்பாற்றினான் என்றார்கள். எகிப்தில் இவர் எபிரேயர். எபிரேயர் இருவர் சண்டையிட்டபோது இவர் குறுக்கிட, உன்னை யார் எங்களுக்கு அதிகாரியாக்கியது என்று அவர்களில் ஒருவன் கேட்டுவிட்டான். மீதியானிலோ இவர் எகிப்தியர். டெல்லியில் 'மதராஸி' என்று அழைக்கப்பட்டும், விடுமுறைக்குச் சொந்த ஊர் போனால் 'டெல்லிக்காரர்' என்று அழைக்கப்பட்டும் பழகியவர்களுக்கு இந்நிலையை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இவ்வசனத்தில் ஒரு சிறு முடிச்சு பெரிதாகத் தோன்றுகிறது. அது காலம் பற்றியது. எபிரேய மூலத்தின் வினைவடிவம் 'அயலானாக இருந்தேன்' என்றும் 'அயலானாகிவிட்டேன்' என்றும் பொருள் கொள்ள இடந்தருகிறது. 'இருந்தேன்' என்று கொண்டால், எங்கே? மோசே நிற்பது மீதியானில். பெயரிலோ 'இங்கே' என்றில்லாமல் 'அங்கே' என்று இருக்கிறது. எனவே அவர் குறிப்பிடுவது எகிப்தையே என்பாரும் உண்டு. பிறந்து வளர்ந்த எகிப்தே அவருக்கு அயல்நாடு. மனைவியும் மகனும் அமைந்தபின்தான் அதனைச் சொல்ல அவருக்கு வாய் வந்தது. இந்த விளக்கமே எனக்கு உவப்பானது.

ஆனால் கிறிஸ்துவுக்கு முன் 3ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் இந்நூலைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூத அறிஞர்கள் இறந்தகாலத்தைக் கைவிட்டனர். 'அயலானாக இருக்கிறேன்' என்று நிகழ்காலத்தில் எழுதினர். அவர்களும் வேற்று நாட்டில், வேற்று மொழியில் வாழ்ந்தவர்கள். காலத்தை மாற்றியபோது தங்களை நினைத்துக்கொண்டார்களோ என்று எண்ணத் தோன்றுகிறது. பிற்காலத்தில் இலத்தீன் மொழிபெயர்ப்பு மீண்டும் 'இருந்தேன்' என்றே எழுதியது.

'கேர்' என்பதற்குக் கிரேக்கர் வைத்த சொல் 'பாரோய்க்கோஸ்'. வீட்டுக்கு அருகே வீடு கொண்டவன் என்பது அதன் சொற்பொருள். அதன் வழியில் வந்ததே திருச்சபைப் பங்கைக் குறிக்கும் 'பாரிஷ்' என்னும் ஆங்கிலச் சொல். அயலானைக் குறித்த சொல் ஊர்க்கோயில் எல்லையைக் குறிக்கும் சொல்லாக உயர்ந்துவிட்டது! தமிழில் நேர்ந்ததோ நேர்மாறு. நம் பழைய விவிலிய மொழிபெயர்ப்பு இவ்விடத்தில் 'பரதேசி' என்ற சொல்லை வைத்தது. பரதேசத்தவன் என்ற அளவில் அது பொருத்தமான சொல். அச்சொல் நம்மிடையே இரந்துண்பவனைக் குறிக்கத் தொடங்கி, பின் வசைமொழியாகவும் தாழ்ந்தது. கேரளத்தில் அதற்கு அவ்விழிவு முழுதும் நேரவில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568ஆம் ஆண்டு எழுந்த யூத ஆலயத்துக்குப் பரதேசி ஆலயம் என்றே பெயர். ஐரோப்பாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்து குடியேறிய யூதர் எழுப்பியது அது.

பெயரைவிட அதன் பின்விளைவு பெரிது. மோசே மகனுக்குப் பெயரிடும்போது சொன்ன அதே இரண்டு சொற்கள், பன்மையாகி, பிற்பாடு சட்டத்தில் வருகின்றன. அயலானை ஒடுக்காதே, ஏனெனில் எகிப்தில் நீங்களும் 'கேர்'களாக இருந்தீர்கள் என்கிறது யாத்திராகமத்தின் 22ஆம் அதிகாரம். அடுத்த அதிகாரம் இன்னும் ஒருபடி சென்று, அயலானின் நெஞ்சம் எத்தகையது என்பது உங்களுக்குத் தெரியும் என்கிறது. ஏழாம் நாள் ஓய்வு அவனுக்கும் உண்டு. அறுவடை நிலத்தில் சிந்திய கதிர் அவனுக்கும் உரியது. அறியாமல் கொலை செய்தவன் தப்பி ஓடுவதற்கென அமைத்த ஆறு அடைக்கலப் பட்டணங்கள் அவனுக்கும் திறந்திருக்கும். ஒரு தந்தை தன் வீட்டுக்குள் சொன்ன சொல் ஒரு மக்கட் கூட்டத்தின் சட்டத்துக்குக் காரணமாகிவிட்டது. தமிழில் படிப்பவர்க்கு இத்தொடர்பு புலப்படுவதில்லை. பெயரிடும் இடத்தில் 'பரதேசி' என்றும் சட்டத்தில் 'அந்நியர்' என்றும் இரு வேறு சொற்கள் அமைந்துவிட்டன.

இனி அந்தப் பிள்ளையை நோக்குவோம். அவன் மீதியானில் பிறந்தவன், தாய் அந்நாட்டவள், பாட்டனார் அங்கே மதிப்புமிக்கவர். அவன் அயலான் அல்லன். பெயரோ தந்தையின் நிலையைச் சொல்கிறது. நம் வீடுகளிலும் 'ஊர்' என்றால் நமக்கு அங்கே. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போன மூன்றாம் நாளே, வீட்டுக்கு எப்போது திரும்புவோம் என்று குழந்தை கேட்கிறது. அக்குழந்தை சொல்லும் வீடு கொல்கத்தாவிலோ நாகபுரியிலோ இருக்கிறது. நம்முடைய 'அங்கே'யை அதன் தலையில் எந்த அளவுக்கு ஏற்றலாம் என்பது எளிதில் விடை கூறத்தக்க கேள்வியன்று. மோசேயும் இரண்டாம் மகனுக்கு இத்தகைய பெயரை இடவில்லை. 'என் இறைவன் துணை' என்று பொருள்படும் எலியேசர் என்ற பெயரையே இட்டார்.

கெர்சோமின் வழித்தோன்றல் ஒருவனை நியாயாதிபதிகள் நூலில் காண்கிறோம். பெத்லகேமை விட்டுப் பிழைப்புத் தேடிப் புறப்பட்ட லேவிய இளைஞன் அவன். ஆண்டுக்குப் பத்து வெள்ளிக்காசும் உடையும் உணவும் பேசி, மீகா என்பவன் வீட்டுச் சிலைகளுக்குப் பூசை செய்ய அமர்கிறான். அவனை அறிமுகப்படுத்தும் வரியில் அவன் 'அங்கே அயலானாகத் தங்கியிருந்தான்' என்ற பொருளில் இரண்டு சொற்கள் உள்ளன. உயிர்க்குறி இன்றி எழுதினால் அவற்றின் எழுத்துகளும் யாத்திராகமத்தில் வரும் கெர்சோம் என்ற பெயரின் எழுத்துகளும் ஒன்றே. அடுத்த அதிகாரத்தின் இறுதியில்தான் அவன் பெயர் வெளிப்படுகிறது: கெர்சோமின் மகன் யோனத்தான், கெர்சோமோ மோசேயின் மகன்.

மோசேயின் பேரன் சிலைக்குப் பூசை செய்தான் என்று எழுதப் பழைய படியெடுப்பாளர்க்கு மனம் வரவில்லை. மோசே என்ற பெயரின் நடுவே 'நூன்' என்ற ஓர் எழுத்தைச் சேர்த்தால் அது மனாசே என்றாகும், அவ்வாறே சேர்த்தார்கள். ஆனால் மூலத்தைத் திருத்தவும் அவர்கள் துணியவில்லை. இன்றும் எபிரேய விவிலியத்தின் அச்சுப் பதிப்புகளில், நியாயாதிபதிகள் 18ஆம் அதிகாரம் 30ஆம் வசனத்தில், அந்த 'நூன்' மற்ற எழுத்துகளோடு ஒரே வரியில் அமராமல் சற்று மேலே தனித்து நிற்கக் காணலாம்.