கடவுச்சீட்டும் வாக்குச்சீட்டும்
(ரெக்ஸ்டேல் தமிழ் மக்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கனேடியக் கடவுச்சீட்டைப் பத்திரமாகப் பூட்டிவைப்போர் நம்மிடையே ஏராளம். நாட்டுக்கு வெளியே அது எதைத் தரும், எதைத் தராது என்று விசாரிப்போர் மிகச் சிலரே.

ரெக்ஸ்டேலில் வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று தொழில் நிமித்தம் அமெரிக்காவிலும் வளைகுடா நாடுகளிலும் வாழ்கின்றனர். 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஐந்தாண்டுகளுக்கு மேல் வெளிநாட்டில் தங்கியவர் கனேடியக் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிக்க இயலாது. படையினர், அரசுப் பணியாளர் போன்றோருக்கு விலக்கு இருந்தது. 2011 தேர்தலில் வாக்கு மறுக்கப்பட்ட ஜேமி டுவோங், ஜில் ஃபிராங்க் ஆகிய இருவரும் நீதிமன்றத்தை நாடினர். 2014இல் வென்றனர், 2015இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றனர். 2018 டிசெம்பரில் நாடாளுமன்றமே அத்தடையை நீக்கியது. 2019 சனவரி 11 அன்று, பழைய தடை உரிமைச் சாசனத்தின் 3ஆம் பிரிவுக்கு முரணானது என உச்ச நீதிமன்றம் 5க்கு 2 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. வாக்களிக்கத் துடித்த இருவர் எட்டாண்டுகள் போராடிப் பெற்ற உரிமையை, பதிவுப் படிவம் நிரப்பும் சோம்பலால் இழப்பது வேதனைக்குரியது.

முன்னொருகால் கனடாவில் வாழ்ந்திருக்கவேண்டும் என்பது நிபந்தனை. கனடாவில் கடைசியாக வாழ்ந்த முகவரிக்குரிய தொகுதியிலேயே வாக்கு எண்ணப்படும். துபாயில் இருந்தாலும் ரெக்ஸ்டேல்வாசியின் வாக்கு எற்றோபிக்கோ வடக்குக்கே உரியது. நிரப்பிய வாக்குச்சீட்டு தேர்தல் நாளன்று மாலை 6 மணிக்குள் ஒட்டாவாவைச் சென்றடைய வேண்டும். தபாலோ தேர்தலுக்காக விரைவதில்லை. ஆகவே தேர்தல் அறிவிக்கப்படும்வரை காத்திராது முன்கூட்டியே பதிவது நன்று.

தாயகங்களின் நிலை வேறு. 2024 செப்டெம்பரில் நடைபெற்ற இலங்கைச் சனாதிபதித் தேர்தலில் வெளிநாட்டிலிருந்தவாறு வாக்களிக்க வழியிருக்கவில்லை. இந்தியா 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் வெளிநாடுவாழ் குடிமக்களுக்கு வாக்குரிமை அளித்தது. ஆயினும் தஞ்சாவூர்க்காரர் தஞ்சாவூருக்கே நேரில் சென்றாக வேண்டும்! பயணச்சீட்டு வாங்க வசதியுள்ளவருக்கே அவ்வுரிமை பயன்படும்.

இனித் தூதரக உதவி. 2009இல் ரொறன்ரோவைச் சேர்ந்த சோமாலியக் கனேடியரான சுவாத் ஹாஜி முகமது என்ற பெண்மணி, கடவுச்சீட்டுப் படத்திலிருப்பவர் அவரல்லர் என்று கூறப்பட்டு நைரோபியில் தடுக்கப்பட்டார். கனேடியத் தூதரக அதிகாரிகளும் அவரை நம்பவில்லை. மரபணுச் சோதனை அவரது அடையாளத்தை உறுதிசெய்த பின்னரே, ஏறத்தாழ மூன்று மாதங்கள் கழித்து, நாடு திரும்பினார்.

தூதரகம் சிறைக்கதவைத் திறக்காது, அபராதமும் கட்டாது. தொலைந்த கடவுச்சீட்டுக்கு மாற்று ஆவணம் தரும், சட்டத்தரணிகளின் பட்டியலைத் தரும், குடும்பத்தாருக்குத் தகவல் அனுப்பும். கைதானவர் தம் நாட்டுத் தூதரகத்துக்கு அறிவிக்கும்படி கோரலாம் என்பது 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் உறுப்புரை. ஆனால் இரட்டைக் குடியுரிமையாளரை இலங்கை தன் குடிமகனாகவே கருதக்கூடும். அப்போது கனேடிய உயர்ஸ்தானிகராலயத்தின் கை கட்டப்படலாம்.

எனவே கொழும்புக்குப் புறப்படுவோர், எந்தக் கடவுச்சீட்டில் நுழைவது என்பதை விமானநிலைய வரிசையில் நின்று தீர்மானிக்க வேண்டாம். கனேடிய அரசின் வெளிநாட்டுப் பயணிகள் பதிவேட்டில் பெயரைப் பதிந்து, ஒட்டாவா அவசர உதவி நிலையத்தின் தொலைபேசி இலக்கத்தை வீட்டிலிருப்போரிடம் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.