பிளேக் ஊசியின் வரலாறு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற திங்கள் நம் காலனியைச் சேர்ந்த இளந்தாய் ஒருத்தி, “ஊசி போட்டு எவருக்கேனும் தீங்கு நேர்ந்ததுண்டா, மாமா?” என்று வினவினாள். இல்லை என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் உண்டு, அவ்வரலாறு நாம் வாழும் இந்த மும்பை மாநகரிலேயே தொடங்குகிறது.

1896-ஆம் ஆண்டு இந்நகரில் பிளேக் நோய் பரவியது. மக்கள் வீடு வாசலைத் துறந்து ஓடினர். அரசாங்கம் வால்டெமார் ஹாஃப்கின் என்னும் அறிஞரை அழைத்தது. அவர் ஒடெஸ்ஸாவில் பிறந்த யூதர்; பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றியவர்; கல்கத்தாவில் காலராவுக்குத் தடுப்பூசி போட்டுப் புகழ்பெற்றவர். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் அவருக்குக் கிடைத்தவை ஓர் அறையும் ஒரு நடையுமே.

இறைச்சிச் சாற்றின்மேல் அவர் நெய்த்துளிகளை மிதக்கவிட்டார். அவற்றைப் பற்றிக்கொண்டு பிளேக் கிருமிகள் ஆலம் விழுதுகள்போலக் கீழ்நோக்கி வளர்ந்தன. (நம் அடுக்களை நெய்க்கு இப்படியும் ஒரு பெருமை!) பின்னர் அவற்றைச் சூடேற்றிக் கொன்றார். இறந்த கிருமி நோயைத் தராது. எனினும் உடல் அதனை அடையாளம் கண்டு, எதிர்ப்பொருளை ஆக்கப் பழகிக்கொள்ளும். உயிருள்ள கிருமி பின்னர் நுழையுங்கால் உடல் ஆயத்தமாக நிற்கும்.

1897 ஜனவரி 10 அன்று அம்மருந்தை முதலில் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். காய்ச்சலையும் வலியையும் தாங்கினார். பின்னர் பைகுலா சிறையில் பிளேக் புகுந்தபோது, இசைந்த கைதிகளுக்கு ஊசி போட்டு, ஏனையோரோடு ஒப்பிட்டார். ஒரே உணவு, ஒரே சுவர்; ஊசி போடாதவரிடையே நோயும் சாவும் மிகுந்திருந்தன. ஆயினும் சிறையிலிருப்பவன் தரும் இசைவு இசைவாகுமா என்னும் ஐயம் எனக்குண்டு. இன்றைய நெறிமுறைகளும் அதனை எளிதில் ஏற்கமாட்டா.

இனி, அந்தத் தாய் கேட்ட தீங்கு. 1902-இல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் ஊசி போட்டுக்கொண்டவருள் 19 பேர் இரணஜன்னியால் மாண்டனர். பத்தொன்பதின்மருக்கும் மருந்து ஒரே புட்டியிலிருந்து எடுக்கப்பட்டது. பழி ஹாஃப்கின்மேல் விழுந்தது, பதவியும் போயிற்று. புட்டியைத் திறக்கும்போது உதவியாளர் இடுக்கியைத் தரையில் தவறவிட்டு, முறைப்படி தூய்மை செய்யாமலே பயன்படுத்தினார் என்பது விசாரணையில் வெளிவந்த செய்தி. மண்ணிலே வாழ்வது இரணஜன்னிக் கிருமி. எனினும் ரொனால்ட் ராஸ் முதலிய அறிஞர்கள் வழக்காடிய பின்னர், 1907-இல்தான் பழி நீங்கியது. ஐந்தாண்டு! பரேலிலுள்ள ஆராய்ச்சி நிலையத்திற்கு அவர் பெயரை 1925-இல் சூட்டினர்.

இவற்றுள் எதனையும் நான் அவளிடம் மறைக்கவில்லை. “இப்பொழுது அந்த இடுக்கியை யார் கவனிக்கிறார்கள்?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. மருந்தை ஒவ்வொரு தொகுதியாகச் சோதித்த பின்னரே வெளியே விடுகிறார்கள் என்றும், குழந்தைகளுக்கான அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தியதும் தானே பூட்டிக்கொள்ளும் ஊசிக்குழல் வந்துவிட்டது என்றும் கூறினேன். குழந்தையின் அட்டையை எடுத்து, அடுத்த தேதி எதுவென்று பார்த்தாள்.