வெந்நீர்க் குழாய்களின் நலம்

வெப்ப நாட்டில் வாழ்வோருக்கு வீடென்பது வெயிலையும் மழையையும் மறைக்கும் கூரை. குளிர் நாட்டவர்க்கோ அது வெம்மையைக் காக்கும் கூடு. பிரித்தானியாவில் கார்த்திகை பிறந்தபின் வெப்பமூட்டாத வீட்டில் முதியோரும் குழந்தைகளும் நலமாக இருத்தல் அரிது.

முன்னாளில் அங்கே அறைதோறும் நிலக்கரி எரிந்தது. 1952 ஆம் ஆண்டு மார்கழியில் இலண்டனைச் சூழ்ந்த புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. அதன் விளைவாக 1956 இல் தூய காற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. நாளடைவில் கணப்புகளின் இடத்தை மைய வெப்பமூட்டல் பெற்றது. இலங்கையிலிருந்து சென்று குடியேறிய தமிழர் பலரின் இல்லங்களுக்கும் இன்று வெம்மை தருவது இதுவே.

இதன் அமைப்பு எளிது. கொதிகலன் ஒன்று நீரைச் சூடாக்குகின்றது. பம்பு அந்நீரைக் குழாய் வழியே அறைகளிலுள்ள ரேடியேற்றர்களுக்குச் செலுத்துகின்றது. வெப்பத்தை அறைக்கு ஈந்த நீர் மீண்டும் கொதிகலனை அடைகின்றது. மனித உடலில் குருதி சுற்றுவது போல, அதே நீர் ஆண்டுக்கணக்காகச் சுற்றுகின்றது.

இவ்வமைப்பின் பகை உள்ளேயே இருக்கின்றது. ரேடியேற்றர் பெரும்பாலும் உருக்கினால் ஆனது. நீரில் கரைந்த ஒட்சிசன் உருக்கை அரிக்கின்றது. அடைபட்ட நீரில் அந்த ஒட்சிசன் விரைவில் தீர்ந்துவிடும். ஆனால், எங்கேனும் நீர் கசிய, அதை ஈடுசெய்யப் புதுநீர் சேர்க்குந்தோறும் ஒட்சிசனும் புகுகின்றது. ஆகவே கசிவை அடைப்பதே முதற் காப்பு. அரிப்பினால் விளைவது மக்னற்றைற்று எனப்படும் கரிய இரும்பு ஒட்சைட்டு. அது கருஞ்சேறாகித் தாழ்ந்த இடங்களிற் படிகின்றது. இலண்டன் போன்ற வன்னீர்ப் பகுதிகளில் கொதிகலனுள் சுண்ணாம்புப் படிவும் சேர்வதுண்டு.

நோயை அறியக் கைவிரலே போதும். ரேடியேற்றரின் மேற்பகுதி குளிர்ந்திருந்தால் உள்ளே வாயு தங்கியிருக்கின்றது. அமைப்பை நிறுத்தி ஆறவிட்டு, மேலுள்ள திருகைச் சாவியாற் சிறிது திறக்க, வாயு சீறி வெளியேறும். நீர் தோன்றியதும் மூடிவிடலாம். அவ்வாயு அரிப்பிற் பிறந்த ஐதரசனாகவும் இருக்கக்கூடும். எனவே அருகில் தீச்சுடர் ஆகாது. கீழ்ப்பகுதி குளிர்ந்திருந்தாலோ சேறு படிந்துள்ளதென்பது பொருள். சேறு நீரோட்டத்தைத் தடுக்கும், பம்பைத் தேய்க்கும், எரிபொருட் செலவைக் கூட்டும்.

சேற்றை அகற்றுவதற்குத் துப்புரவு இரசாயனத்தை நீரிற் கலந்து சிலகாலம் சுற்றவிட்டு, அழுக்குநீரை வடித்து, தெளிநீர் வரும்வரை அலசுவர். சேறு மிகுந்தவிடத்து வெளிப் பம்பொன்றை இணைத்து, நீரை விரைந்தோடச் செய்து, அதன் திசையை மாற்றி மாற்றிக் கழுவுவர். ஆயினும் அரித்து மெலிந்த பழைய ரேடியேற்றர் இதனால் ஒழுகவும் கூடும். எனவே அனுபவமிக்கவர் முதலிற் பார்வையிடல் வேண்டும்.

கழுவிவிட்டு வாளாவிருத்தல் போதாது. புதிதாக நிரப்பிய நீரில் அரிப்புத் தடுப்பான் என்னும் இரசாயனத்தை உரிய அளவிற் கலத்தல் இன்றியமையாதது. கரிய ஒட்சைட்டைக் காந்தம் கவரும்; ஆதலின் கொதிகலனுக்கு மீளும் குழாயிற் காந்த வடிகட்டியொன்றைப் பொருத்துவர். 2019 இல் திருத்தப்பட்ட பிரித்தானிய நியமம் 7593 வடிகட்டியையும், ஆண்டுதோறும் நீரைச் சோதிப்பதையும் வற்புறுத்துகின்றது.

எரிவாயுக் கொதிகலனின் உட்பகுதியை வீட்டார் தொடலாகாது. பழுதுற்ற கொதிகலனிலிருந்து நிறமும் மணமுமற்ற காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு கசிந்து உயிரை வாங்கும். அவ்வேலைக்கென 2009 முதல் பிரித்தானியாவிற் பேணப்படும் பதிவேட்டில் இடம்பெற்றோரையே அழைத்தல் வேண்டும்.

இலையுதிர் காலத்திலேயே இவற்றைச் செய்து முடிப்போர் அறிவுடையோர். உறைபனி இரவில் கொதிகலன் நின்றபின் வேலையாளைத் தேடுதல், வெள்ளம் வந்தபின் அணைகோலுவதை ஒக்கும்.