ராஜாஜி எந்தப் பக்கம் நின்றார்?



ராஜாஜி என்றால் அவருடைய எளிய வாழ்க்கையையும் புத்திக் கூர்மையையும் சொல்லிப் புகழ்வோர் உண்டு. இருக்கட்டும், நாம் அதில் சண்டைக்குப் போகவில்லை. நாம் பார்க்கும் கணக்கு வேறு. சட்டசபையில் ஏழையின் விஷயம் வந்தபோது அவர் எந்தப் பக்கம் நின்றார்?

1937-ல் அவர் சென்னை மாகாணப் பிரதமரானார். அந்த ஆண்டே சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. கள்ளுக்கடையில் கூலியைத் தொலைத்த குடும்பங்களுக்கு அது நல்லதுதான். 1938-ல் தாழ்த்தப்பட்டோர் தலைவர் எம்.சி. ராஜா, கோயில் நுழைவுக்கு மசோதா கொண்டுவந்தார். அதை வாபஸ் வாங்கச் சொன்னார் ராஜாஜி. முதலில் மலபாருக்கு மட்டும் பார்ப்போம் என்றார். எம்.சி. ராஜா மறுத்தார். ஓட்டுக்கு விட்டபோது காங்கிரஸ் அங்கத்தினர்களே எதிர்த்து ஓட்டளித்து மசோதாவைத் தோற்கடித்தார்கள். அடுத்த ஆண்டு மதுரைக் கோயிலுக்குள் மக்கள் நுழைந்த பிறகுதான் அவர் சட்டம் செய்தார். மேல்சாதியின் மனம் கோணாமல் சீர்திருத்தம் செய்வதென்றால் அப்படித்தான்!

1952 தேர்தலில் காங்கிரசுக்கு 375 இடங்களில் 152 மட்டுமே கிடைத்தது. ராஜாஜியோ தேர்தலுக்கே நிற்கவில்லை. கவர்னர் அவரை மேல்சபைக்கு நியமித்தார், முதல் மந்திரியாகிவிட்டார். ஒருவரிடமும் ஓட்டுக் கேளாமல் வந்தவர், 62 இடங்களில் மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய கம்யூனிஸ்டுகளைப் பார்த்து, நீங்களே என் முதல் எதிரி என்றார். ஒளிக்காமல் சொன்னாரே, அந்த மட்டில் சரி.

அதே ஆண்டு ஆகஸ்டில் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. மிராசுதார் நினைத்தபடி பண்ணையாளை வெளியேற்ற முடியாது, குத்தகை விவசாயிக்கு விளைச்சலில் நூற்றுக்கு 40 பங்கு என்றது சட்டம். இது அவர் மனமிரங்கிப் போட்ட பிச்சை அல்ல. சவுக்கடியும் சாணிப்பாலும் கண்ட மக்கள் பல ஆண்டுகள் சங்கம் கட்டிப் போராடிப் பெற்றது. அதிலும் ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல் நிலமுள்ளவர்களை மட்டுமே அது கட்டுப்படுத்தியது.

பிறகு 1953 ஜூன். கிராமத்துப் பள்ளி நேரம் ஐந்து மணியிலிருந்து மூன்று மணியாகக் குறைந்தது. மிச்ச நேரத்தில் பிள்ளை அப்பனின் தொழிலைக் கற்க வேண்டும். ஷிப்டு முறையில் அதிகப் பிள்ளைகளைச் சேர்க்கலாம், செலவு மிச்சம் என்றது சர்க்கார். செலவு மிச்சம் பிடிக்க ஏழையின் பிள்ளைதானா கிடைத்தான்?

பண்ணையாள் மகன் அப்பனிடம் எதைக் கற்பான்? மிராசுதார் வீட்டுச் சாணியை அள்ளக் கற்பான். சக்கிலியர் மகன் செருப்பு, வண்ணார் மகன் அழுக்குத்துணி. மில் ஷிப்டுக்குப் போகும் தகப்பன் மகனை ஸ்பின்னிங்குக்குள் கூட்டிப்போவானா? அப்பனுக்குத் தொழில் இல்லையென்றால் ஊரில் வேறு தொழிலாளியிடம் போகட்டும் என்றார்கள். பட்டணத்து வக்கீல் மகனுக்கோ முழுநேரப் பள்ளி நடந்துகொண்டிருந்தது. குலக் கல்வி என்று ஜனங்கள் பெயர் வைத்தது சும்மா அல்ல.

திராவிடர் கழகம், தி.மு.க., கம்யூனிஸ்டுகள் எல்லோரும் எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளேயே முணுமுணுப்பு. ஜூலை கடைசியில் சபையில் ஓட்டெடுப்பு. திட்டத்தைக் கைவிடு என்ற தீர்மானத்துக்கு ஆதரவு 138, எதிர்ப்பு 138. சபாநாயகர் ஓட்டளிக்கவில்லை, தீர்மானம் நிறைவேறவில்லை. அடுத்து, திட்டத்தை நிறுத்திவைத்து நிபுணர் குழு ஆராயட்டும் என்ற தீர்மானம். அது 139-க்கு 137 என்று ஜெயித்தது. இரண்டே ஓட்டு, தோழர்களே! உங்கள் ஊரிலிருந்து போன அங்கத்தினர் ஒருவர் கை மாறியிருந்தால் முடிவே மாறியிருக்கும்.

பருலேகர் குழு ஆராய்ந்தது. ராஜாஜி பிடிவாதத்தை விடவில்லை. எதிர்ப்பு வலுத்து 1954-ல் பதவியைத்தான் விட்டார். காமராஜர் மந்திரிசபை 1954 மே 18-ல் திட்டத்தைக் கைவிட்டது. கிராமத்துப் பிள்ளைகள் மறுபடி ஐந்து மணி நேரப் பள்ளிக்குப் போனார்கள்.