வெண்பலகைக்கு முன் நிற்கப்போகும் உங்களுக்கு



இன்று பட்டம் பெறும் தம்பி தங்கைகளே, இன்னும் சில வாரங்களில் உங்களில் பலர் சைபர்ஜெயாவிலோ பங்சார் சவுத்திலோ நேர்முகத் தேர்வுக்குப் போவீர்கள். முன்பின் அறியாத ஒருவர் மார்க்கர் பேனாவை நீட்டி, "பைனரி சர்ச் எழுதுங்கள்" என்பார். வகுப்பில் பலமுறை எழுதியதுதான். ஆனாலும் கை நடுங்கும். எனக்கும் நடுங்கியிருக்கிறது.

அந்த நடுக்கத்துக்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட்டும் 48 மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2020-இல் வெளிவந்தது. சிலர் தனியறையில் விடை எழுதினார்கள். மற்றவர்கள் தேர்வாளர் பார்த்திருக்க, வாய்விட்டு விளக்கியபடி எழுதினார்கள். பார்வைக்கு ஆளானவர்களின் செயல்திறன் பாதிக்கும் கீழே இறங்கியது. ஆகவே ஒரு நிறுவனம் உங்களைத் திருப்பி அனுப்பினால், படித்த படிப்பே வீண் என்று முடிவு கட்டாதீர்கள். பெற்றோர்களே, அன்று வீடு திரும்பும் பிள்ளையிடம் "ஏன் கிடைக்கவில்லை?" என்று கேட்காமல் "என்ன கேட்டார்கள்?" என்று கேளுங்கள்.

கேள்வியும் லேசானதில்லை. பைனரி சர்ச், அதாவது வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடுவது, 1946-லேயே வெளிவந்த முறை. எல்லா அளவுப் பட்டியலுக்கும் பொருந்தும் வடிவம் அச்சேற 1960-கள் ஆகிவிட்டன. ஜாவா நிரல்மொழியின் நூலகத்துக்கு அதை எழுதிய ஜோஷுவா பிளாக், தம் நிரலில் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் ஒரு பிழை ஒளிந்திருந்ததை 2006-இல் தாமே ஊரறியச் சொன்னார். பட்டியல் மிகப் பெரிதாகும்போது, நடு இடத்தைக் காணக் கூட்டும் இரண்டு எண்களின் தொகை வரம்பு மீறி எதிர்ம எண்ணாகிவிடும். வல்லவருக்கே தப்பிய இடம் அது.

அதனால் கேள்வி வந்ததும் எழுதப் பாயாதீர்கள். நான் வளர்ந்த மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில், தொழில் தெரிந்த துணிக்கடைக்காரர் யாருக்கு, என்ன விசேஷம், எவ்வளவுக்குள் என்று விசாரித்த பிறகுதான் சேலையைப் பிரிப்பார். நீங்களும் விசாரியுங்கள். பட்டியல் வரிசையில் இருக்கிறதா? காலியாக இருக்கலாமா? ஒரே எண் இரண்டு முறை வருமா? எவ்வளவு பெரிது? எழுதி முடித்ததும் ஒன்றுமே இல்லாத பட்டியலையும் ஒரே ஓர் எண் மட்டும் உள்ள பட்டியலையும் கொடுத்து, வரி வரியாக ஓட்டிப் பாருங்கள். சிக்கிக்கொண்டால் எந்த இடத்தில் சிக்கினீர்கள் என்று சொல்லுங்கள். நல்ல தேர்வாளர் உங்களோடு சேர்ந்து வேலை செய்வது எப்படி இருக்கும் என்பதைத்தான் தேடுகிறார்.

நான் சொன்ன மஸ்ஜித் இந்தியா, 1863-இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய பள்ளிவாசலின் பெயரைத் தாங்கி நிற்கும் தெரு. அங்கே ஒருவரின் நாணயம் பல ஆண்டுப் பழக்கத்தில்தான் தெரியவந்தது. ஒரு மணி நேரத்தில் மனிதரை எடைபோடும் பொறுப்பு நாளை உங்கள் கைக்கும் வரும். அன்று எதிரே இருப்பவருக்குக் கேள்வியைக் கொடுத்துவிட்டு, சிறிது நேரம் அறையை விட்டு வெளியே போங்கள். திரும்பி வந்து, அவர் எழுதியதைப் பற்றிப் பேசுங்கள். பயம் மறைத்த திறமை அப்போது வெளியே வரும். இந்தத் தேர்வை நியாயமாக்க வேண்டியவர்கள் அதில் தேறிய நாம்தான்.