பாட்டிலில் அடைத்த வெள்ளை வர்ணம்

பழைய டைப்ரைட்டரில் எழுத்து பிசகினால் ரப்பர் போட்டுத் தேய்க்கலாம். 1950களில் பரவிய மின்சார டைப்ரைட்டரில் அது பலிக்கவில்லை. கார்பன் ரிப்பன் மை தாளெல்லாம் ஈஷிக்கொண்டது.

அமெரிக்காவின் டல்லாஸில் ஒரு வங்கிச் செயலாளர், பெட் நெஸ்மித் கிரஹாம். ஓவியர்கள் பிழையை அழிப்பதில்லை, மேலே பூசி மறைக்கிறார்கள் என்பதைக் கவனித்தவர், வெள்ளை வர்ணத்தைச் சின்ன பாட்டிலில் ஊற்றி, தூரிகையோடு ஆபீசுக்குக் கொண்டுபோனார். மற்றவர்களும் கேட்கவே, 1956ல் விற்க ஆரம்பித்தார். கலவை தயாரானது வீட்டு மிக்ஸியில். சொற்பக் கூலிக்கு பாட்டில் நிரப்பியது மகன் மைக்கேலும் சிநேகிதர்களும்.

சம்பள வேலையை அவர் சட்டென்று உதறவில்லை. பகலில் டைப்பிங், இரவில் பாட்டில். கெட்டிக்காரர்தான்!

1979ல் அவருடைய ‘லிக்விட் பேப்பர்’ கம்பெனியை ஜில்லெட் வாங்கியது, 4 கோடியே 75 லட்சம் டாலருக்கு. மைக்கேல் அதற்குள் ‘மங்கீஸ்’ இசைக்குழுவில் பாடிப் பிரபலமாகியிருந்தார்.