காலிமுகத்திடலின் புல்லுக்கு யார் காசு கட்டுவது?





வரிப்பத்தான்சேனையில் நின்றுகொண்டு கொழும்பிலுள்ள ஒரு புல்வெளியைப் பற்றிப் பேசப் போகிறேன். வயலும் குளமும் உள்ள நமக்குக் காலிமுகத்திடல் புல்லில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்கப்பட்ட ஒரு கேள்வி நாளை நமது மைதானத்துக்கும் வரும்.

2022 ஏப்ரல் 9ஆம் திகதி அரசாங்கத்துக்கு எதிராகப் போராட அங்கே இளைஞர்கள் கூடினார்கள். கூடாரம் அடித்தார்கள், சமையல் போட்டார்கள், நூல்நிலையம் திறந்தார்கள். அது ரமழான் மாதம். அந்தத் திடலிலேயே நோன்பு திறக்கப்பட்டது. பக்கத்தில் சிங்கள இளைஞர்கள் இருந்தார்கள். கொவிட் நாட்களில் நமது ஜனாசாக்களை எரித்த ஓர் அரசாங்கத்தின் காலத்தில் அந்தக் காட்சியைக் கண்ட நமது மக்கள் பலர் கண்கலங்கினார்கள். மே 18ஆம் திகதி அதே புல்லில் முள்ளிவாய்க்காலில் மாண்டவர்களுக்கு நினைவேந்தலும் நடந்தது. நான்கு மாதம் கழிந்து, ஓகஸ்டில் கூடாரங்கள் கழற்றப்பட்டபோது புல் செத்திருந்தது. ஆயிரக்கணக்கான கால்கள் நடந்த இடம் மழையில் சேறாகி, வெயிலில் காய்ந்து பாளமாகிக் கிடந்தது. அப்போது எழுந்தது கேள்வி: இதைத் திருத்த யார் காசு கட்டுவது? போராடியவனிடம் அறவிடு என்றது ஒரு கூட்டம்.

என் பதிலை மறைத்துப் பேச விரும்பவில்லை. மக்கள் நடந்து தேய்த்த புல்லை மக்களின் பணத்தில்தான் திருத்த வேண்டும். வேண்டுமென்றே உடைத்தவன் இருந்தால், அவனை நீதிமன்றத்தில் நிறுத்தி, நிரூபித்து, அவனிடம் மட்டும் வாங்குங்கள். அதற்குச் சட்டம் இல்லாமலில்லை. பொதுச்சொத்துக்கு எதிரான குற்றங்கள் பற்றிய 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தில், சேதப்பட்ட பெறுமதியின் மூன்று மடங்கு தண்டப்பணம் இருக்கிறது. கடுமையான சட்டம். ஆனால் அது குற்றவாளியைத் தேடச் சொல்கிறது. கூட்டத்துக்குப் பில் எழுதச் சொல்லவில்லை.

கூட்டத்துக்குப் பில் எழுதினால் என்னவாகும் என்பதை இந்தியாவில் பார்த்தாகிவிட்டது. 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராகப் போராடியவர்களுக்கு உத்தரப் பிரதேசத்தில் 274 அறிவித்தல்கள் போயின. முறைப்பாடு செய்ததும் நிர்வாகம், தீர்ப்புச் சொன்னதும் நிர்வாகம், அறவிட்டதும் நிர்வாகம். 2022 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்தது. அறிவித்தல்கள் மீளப்பெறப்பட்டன, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க உத்தரவானது. அந்த அறிவித்தல்களைப் பெற்றவர்களில் எத்தனை ஏழை முஸ்லிம் குடும்பங்கள் என்பதை நான் உங்களுக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

இனி நமது நாட்டுக் கணக்கைப் பார்ப்போம். 2022 மே 9ஆம் திகதி அலரி மாளிகையில் கூடிய ஆளுங்கட்சி ஆதரவாளர்கள் திடலுக்கு வந்து கூடாரங்களை உடைத்துக் கொளுத்தினார்கள். அன்று மாலையிலிருந்து நாடெங்கும் அரசியல்வாதிகளின் வீடுகள் எரிந்தன. ஒரு பாராளுமன்ற உறுப்பினர் கொல்லப்பட்டார். வீடு எரித்ததை நான் எந்த நியாயத்தாலும் மூடமாட்டேன், அது ஹராமான காரியம். ஆனால் எரிந்த வீடுகளுக்கான நட்டஈட்டைக் கேளுங்கள்: 43 அரசியல்வாதிகளுக்கு 122 கோடி ரூபாவுக்கு மேல் கொடுக்கப்பட்டதாக 2025 பெப்ரவரியில் அரசாங்கமே வெளியிட்டது. அது யாருடைய பணம்? அரச கருவூலத்தின் பணம், அதாவது உங்கள் பணம். 43 பேரின் வீட்டுக்குப் பொதுப்பணம் போகலாம். இரண்டு கோடிப் பேருக்குச் சொந்தமான புல்லுக்கு மட்டும் போராடிய பையன் கட்ட வேண்டுமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பையன்களைத் திடலுக்கு அனுப்பியது யார்? 2023 நவம்பர் 14ஆம் திகதி நமது உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இருக்கிறது. முன்னாள் ஜனாதிபதி கோட்டாபய, மஹிந்த, பசில் ஆகியோரும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் திறைசேரி அதிகாரிகளும் மக்கள் நம்பிக்கையை மீறிப் பொருளாதாரத்தைச் சீரழித்தார்கள் என்று அது சொன்னது. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாக 150,000 ரூபா கொடுக்க உத்தரவானது. ஒரு நாட்டையே சாய்த்ததற்கு அவ்வளவுதான்! இந்த ஊர் விவசாயிக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளையை ஒரே வர்த்தமானியில் நிறுத்தினார்களே, அந்தப் பெரும்போகத்தில் உங்கள் வட்டைகளில் வெள்ளாமை எப்படி வெளிறி நின்றது? கதிர் பிடிக்காத அந்த வயலைத் திருத்தித் தர யாராவது தங்கள் கைப்பணத்தைக் கட்டினார்களா?

"கொழும்புப் புல்லுக்கு நான் ஏன் வரி கட்ட வேண்டும்?" என்று ஒரு காக்கா கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நீங்கள் ஏற்கெனவே கட்டுகிறீர்கள். 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 வீதம். கடையில் வாங்கும் சோப்புக்கட்டியிலும் அது இருக்கிறது. கட்டுவதால்தான் அந்தப் புல்லில் உங்களுக்கும் பங்கு உண்டு. அந்தத் திடலுக்கும் நமது மாவட்டத்துக்கும் பழைய, கசப்பான தொடர்பும் இருக்கிறது. 1956 ஜூன் 5ஆம் திகதி தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராகச் செல்வநாயகம் தலைமையில் அங்கே சத்தியாக்கிரகம் இருந்தவர்களை அடித்து விரட்டினார்கள். சில நாட்களில் அந்த வன்முறை கல்லோயாக் குடியேற்றத்துக்கு வந்து, தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அன்று அந்தப் புல்லில் அமர்ந்தவர்களிடம் "முதலில் புல்லுக்குக் காசு கட்டு" என்று சொல்லியிருந்தால் அது எவ்வளவு பெரிய அநியாயம்! ஆள்பவனுக்குப் பிடிக்காத கூட்டத்துக்கு மட்டுமே அந்தப் பில் போகும் என்பதுதான் என் பயம்.

காலிமுகத்திடல் நடைபாதையை 1859இல் முடித்த ஆளுநர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக அதைக் காக்கும்படி தனக்குப் பின் வருவோரைக் கேட்டுக் கல்லில் பொறித்துவைத்தார். கேட்டது ஆட்சியில் இருப்பவர்களிடம். அதைவிடப் பழைய வழிகாட்டல் நம்மிடம் இருக்கிறது. நீரிலும் புல்லிலும் நெருப்பிலும் மனிதர்கள் எல்லோரும் பங்காளிகள் என்று நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சொல்லித் தந்தார்கள். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு பகுதி என்று சொன்னவர்களும் அவர்களே. ஆகவே போராடுகிறவனுக்குக் கடமை இல்லையென்று நான் சொல்லவில்லை. குப்பையை அவனே அள்ள வேண்டும், குழியை அவனே மூட வேண்டும். அது கையால் செய்யும் கடமை.

இந்தக் கடமை கட்சிக்காரர்களுக்கும் உண்டு. தேர்தல் கூட்டம் முடிந்த மறுநாள் காலையில் ஊர் மைதானம் ஒன்றைப் போய்ப் பாருங்கள். பந்தல்கால் நட்ட குழி வாய் திறந்து கிடக்கும். லொறிச் சில்லு ஏறிய தடத்தில் தண்ணீர் தேங்கியிருக்கும். பதாகை கட்டிய கம்பி புல்லுக்குள் சுருண்டு கிடக்கும். பின்னேரம் பந்தடிக்க வரும் பிள்ளையின் காலில்தான் அது குத்தும். அந்தக் கட்சிக்கு யாராவது பில் அனுப்பியதுண்டா?

இந்தச் சபையில் பிரதேச சபை உறுப்பினர்கள் இருந்தால் அவர்களிடம் என் வேண்டுகோள் இது. மைதானத்துக்கு வைப்புப் பணம் வாங்குவதாயிருந்தால் எல்லோரிடமும் ஒரே தொகையை வாங்குங்கள்: ஆளுங்கட்சிக்கும் அதே தொகை, எதிர்க்கட்சிக்கும் அதே தொகை, இசைக் கச்சேரிக்கும் அதே தொகை. ஆனால் நியாயம் கேட்டுக் கையில் அட்டை பிடித்து வரும் ஏழை விவசாயியிடமும் மீனவனிடமும் ஒரு சதமும் கேட்காதீர்கள். அவர்கள் போன பின் புல்லை நடுவதற்கு ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் ஒரு தொகையை ஒதுக்குங்கள். அடுத்த சபை அமர்விலேயே இதைப் பிரேரணையாகக் கொண்டுவாருங்கள்.